ஆண்டவருக்குப் போட்ட நாற்காலி

நாற்காலி உங்க கால்ல இடிக்கா அண்ணாச்சி? கொஞ்சம் சன்னல் பக்கமா ஒதுங்கிக்கிடுங்க. கண்டக்டர் மேல ஏத்த முடியாதுன்னுட்டார். லக்கேஜ் டிக்கெட் போட்டாச்சு, அதனால நமக்கு இருக்குற உரிமை இதுக்கும் உண்டு. பாளையங்கோட்டையில பின்னக் கொடுத்திருந்தேன். எட்டு நாள்ல தாறேன்னான், இருபது நாள் ஆக்கிட்டான். ஆனா வேலை சுத்தம். தடவிப் பாருங்க, எங்கயாவது ஒரு பிரம்பு கையைக் குத்துதா?

எனக்கு ஸ்ரீவைகுண்டம் தாண்டி இறங்கணும். எங்க ஊருக்குப் பிரியுற விலக்குல இறங்கி மாவு மில் தங்கையா வீடுன்னு கேட்டா சின்னப் பிள்ளைகூட காட்டும். முப்பத்தஞ்சு வருஷம் மில் ஓட்டினேன். இப்ப ரெண்டு வருஷமா வாடகைக்கு விட்டுட்டு வீட்டோட இருக்கேன். பிள்ளைக எத்தனைன்னா கேட்டீங்க? ஒரே பொண்ணு. ஷீலா. கோயம்புத்தூர்ல கட்டிக் கொடுத்திருக்கு. வேற கிடையாது.

நீங்க என்னமோ சொல்ல வந்தீங்க. இருங்க, நாற்காலி கதையைச் சொல்லி முடிச்சிருதேன்.

ஒரு மனுஷனுக்கு யார் மேலெல்லாம் பொறாமை வரும்? அடுத்த தெரு மில்லுக்காரன் மேல வரும். சகலன் மேல வரும். எனக்கு யார் மேல வந்துச்சு தெரியுமா? இயேசு ஆண்டவர் மேல வந்துச்சு. சிரிக்காதீங்க. நான் ஞானஸ்நானம் வாங்கினவன். சேகரக் கமிட்டியில, அதாவது எங்க சபை நிர்வாகத்துல, பதிமூணு வருஷம் இருந்தவன். ஞாயித்துக்கிழமை கோயில்ல வேதத்துல முதல் பாடம் நான்தான் வாசிப்பேன், மைக் இல்லாமலே பின்வரிசைக்குக் கேக்கும். அப்பேர்ப்பட்டவனுக்கு ஆண்டவர் மேல வயித்தெரிச்சல். வெளியில சொன்னா வெக்கம். உங்க நெத்தியில திருநீறு இருக்கு, அதனால சொல்லுதேன். எங்க ஆளுக கிட்ட சொன்னா அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள சேகரம் பூரா பரவிரும்.

போன தை மாசத்துல ஆரம்பிச்சது. எங்க சபைப் பொம்பளைகளை மூணு நாள் தியான முகாம்னு கூட்டிட்டுப் போனாங்க. எங்க வீட்டுக்காரி பியூலாவும் போனா. அங்க ஒரு வயசான சிஸ்டரம்மா சொல்லியிருக்காங்க: நாம ஆண்டவர்கிட்ட பேசிக்கிட்டே இருக்கோம், அவர் ஒண்ணு சொல்ல இடம் கொடுக்க மாட்டேங்கோம், தினம் கொஞ்ச நேரம் அவருக்குன்னு ஒரு நாற்காலி போடுங்க, எதிர்த்தாப்ல நீங்க உட்காருங்க, சும்மா கேளுங்க. இவ்வளவுதான். மத்த பொம்பளைக கேட்டுட்டு வந்து மறந்துட்டாளுக. இவ மறக்கலை.

வந்த மறுநாள் காலம்பற அஞ்சு மணிக்கு எந்திரிச்சுப் பாக்கேன், வீட்டு வாசல்ல என் நாற்காலியைக் காணோம். இந்த நாற்காலிதான். மில் தொடங்கின நாள்ல இருந்து மில்லுக்குள்ள வாசலை ஒட்டிக் கிடந்தது இது, மில்லை விட்டப்ப வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் முதுகு அளவுக்கு வளைஞ்சு போனது. இதுல வேற ஒருத்தர் உட்கார நான் சம்மதிச்சதில்லை. பிஷப் எங்க வீட்டுக்கு வந்தப்பகூட அவருக்கு சோபாவைத்தான் காட்டினேன். தேடிக்கிட்டு பின்வாசலுக்குப் போனா, முருங்கை மரத்தடியில துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல கிடக்கு. எதிர்ல ஒரு பழைய பிளாஸ்டிக் நாற்காலியில இவ உட்கார்ந்திருக்கா. முக்காடு போட்டிருக்கா. கண்ணு மூடியிருக்கு. என் நாற்காலியில யாரும் இல்லை.

என்னதுன்னு கேட்டேன். கண்ணைத் திறக்காம கையைக் காட்டி இருங்கன்னா. என்னை இருங்கன்னா அண்ணாச்சி. கல்யாணமாகி முப்பத்துமூணு வருஷத்துல என் பேச்சை நிறுத்தச் சொல்லி அவ கையைக் காட்டினது அதுதான் முதல் தடவை.

முக்கால் மணி நேரம் கழிச்சு உள்ள வந்தா. அஞ்சரைக்கு வரவேண்டிய என் காபி ஆறே காலுக்கு வந்துச்சு. அதைக்கூட விட்டிருவேன். ஆனா அந்த முகம். என்ன சொல்ல, தாய் வீட்டுக்குப் போயிட்டு வந்த முகம். பொண்ணு பார்க்கப் போனப்ப அந்த முகம் இல்லை, தாலி கட்டினப்ப இல்லை. எம்புட்டு பேசியிருப்பேன் அவகிட்ட. மில் கதை, கமிட்டி கதை, ஊர்க் கதை. ஒரு நாளாவது அந்த முகத்தை எனக்குக் காட்டினாளா? ஒரு வார்த்தை பேசாத ஆளுக்கு முகம் மலர்ந்து இருக்கு.

தினமும் இதுதான். நான் கேட்டேன், ஆண்டவர் அப்படி என்னதான் சொல்லுதார்னு. அவ யோசிச்சுச் சொன்னா.

"பெருசா ஒண்ணும் சொல்ல மாட்டார். சும்மா இருப்போம், ரெண்டு பேரும்."

ரெண்டு பேரும். எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. இன்னொரு நாள் என் முதுகுக்கு வெந்நீர் போட்டுத் தந்தா. என்ன திடீர்னு கரிசனம்னு கேட்டா, "நேத்து குனிய முடியலைன்னீங்க. இன்னைக்கு உட்கார்ந்திருந்தப்ப அது நினைப்புக்கு வந்துச்சு, அவர்தான் நினைப்பூட்டினார்"ங்கா. என் முதுகு வலிக்கு ஆண்டவர் சிபாரிசு செய்யணுமாம். வெந்நீர் நல்லாத்தான் இருந்துச்சு, அது வேற.

நான் ஐயர்கிட்ட போனேன். ஐயர்னா எங்க பாதிரியார், எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். புதுசா வந்தவர், சின்ன வயசு. நான் எடுத்த எடுப்புல, "ஐயரே, எங்க வீட்டுக்காரி தினம் காலம்பற இன்னொருத்தரோட உட்கார்ந்திருக்கா, எனக்கு மனசு தாங்கலை"ன்னுட்டேன். அவர் முகம் வெளிறிப் போச்சு. எந்திரிச்சுப் போய்க் கதவைச் சாத்திட்டு வந்து, மெதுவா, "ஆள் யாருன்னு தெரியுமா ஐயா"ன்னார். தெரியும்னேன். யாருன்னார். சொன்னேன். பாவம், சிரிப்பை அடக்க வேதப் புத்தகத்தைத் தூக்கி மூஞ்சிக்கு நேரா வச்சுக்கிட்டார். அப்புறம் சொன்னார், "அப்ப நீங்களும் போய் உட்காருங்க ஐயா. அவர் ரெண்டு பேரோடயும் இருப்பார்."

சரின்னு வந்தேன். ஆனா அவகூட போய் உட்காரலை, கௌரவம் விடலை. என் அறையில தனியா ஒரு நாற்காலி போட்டு, ஆண்டவரே உட்காரும்னு சொல்லி, எதிர்ல உட்கார்ந்தேன். நான் பொதுவா ரொம்பப் பேசுற ஆள் கிடையாது அண்ணாச்சி, நீங்களே பாக்கீங்கள்ல. ஆனாலும் வந்தவரை மரியாதைக்கு ரெண்டு வார்த்தை விசாரிக்க வேண்டாமா? மில்லை வாடகைக்கு எடுத்தவன் பெல்ட்டுக்கு மெழுகு போடாம ஓட்டுறதைச் சொன்னேன். வாய்க்கால் அடைச்சுக் கிடக்குறதைச் சொன்னேன். கமிட்டித் தேர்தல்ல எனக்கு நடந்த அநியாயத்தை ஆதியோட அந்தமா எடுத்துச் சொன்னேன். மணியைப் பார்த்தா அரை மணி நேரம் ஓடியிருக்கு. அவர் ஒரு வார்த்தை சொல்லலை. அஞ்சு நாள் செஞ்சேன். அஞ்சு நாளும் ஒண்ணும் சொல்லலை. அவளுக்கு என் முதுகு வலி வரைக்கும் நினைப்பூட்டத் தெரியுது, எனக்குச் சொல்ல ஒண்ணும் கிடையாதா? அதுவரைக்கும் ஆண்டவர் மேல மட்டும் இருந்த பொறாமை அன்னையில இருந்து அவ மேலயும் வந்துட்டு.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால எங்க வீட்ல குடும்ப ஜெபம் உண்டு. நான் ஜெபிப்பேன், அவ ஆமென் சொல்லுவா. வீம்புக்கு ஜெபத்தை நீட்ட ஆரம்பிச்சேன். பிஷப், ஐயர், கலெக்டர், ஷீலா, மருமகன், மருமகனோட அம்மா, மில்லுக்கு மாவு அரைக்க வந்த அத்தனை பேருன்னு ஒருத்தர் பேரை விடாம சொன்னேன். சோறு ஆறிப்போகும். அவ முகம் சுளிக்காம ஆமென் சொல்லிட்டு இலையைப் போடுவா. நான் தோத்துக்கிட்டே இருந்தேன்.

இப்படியே லெந்து நாள் வந்துட்டு. ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலம். மாசி முடியப் போகுது, அப்பவும் விடியக்காலம் பனி இருந்துச்சு. ஒரு நாள் எனக்கு ஒரு கிறுக்கு யோசனை. அவ எந்திரிக்கிறதுக்கு முன்னால நான் எந்திரிச்சேன். போர்வையைத் தலையோட சுத்திக்கிட்டு, பின்வாசல்ல என் நாற்காலியைப் போட்டு, அதுல நான் உட்கார்ந்துக்கிட்டேன்.

ஆமா, ஆண்டவருக்குப் போட்ட நாற்காலியில. பாவம்தான், ஒத்துக்கிடுதேன். ஆனா முதல்ல அது யார் நாற்காலி? அவ வந்து பார்த்து திகைக்கணும், அப்ப நான் கேக்கணும்: அவர்கிட்ட உட்கார்ந்து கேக்கிறதை என்கிட்ட உட்கார்ந்து கேட்டா என்னன்னு. அந்த வரியை மூணு தடவை மனசுக்குள்ள சொல்லிப் பார்த்து வச்சிருந்தேன்.

அவ வந்தா. தலையைக் குனிஞ்சுக்கிட்டே வந்து உட்கார்ந்தா. முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டா. கண்ணை மூடிட்டா. பார்த்தாளா பார்க்கலையா, எனக்குத் தெரியலை, இருட்டு. நான் வாயைத் திறக்கப் போனேன். அதுக்குள்ள அவ பேசிட்டா.

"என் பிள்ளை சுகமா இருக்கானா?"

ஷீலாவுக்கு என்ன, முந்தாநாள்தானே போன்ல பேசினாள்னு நினைச்சேன். அப்புறம்தான் உறைச்சது, இருக்கானான்னு கேட்டிருக்கா. மறுபடியும் சொன்னா.

"வர்ற பதினாலாம் தேதியோட முப்பத்தொண்ணு முடியுது."

அண்ணாச்சி, உங்ககிட்ட ஒரே பொண்ணுன்னு சொன்னேன். எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லுதேன். ஷீலாவுக்கு முன்னால ஒருத்தன் இருந்தான். குறைமாசம். ஒன்பது நாள் இருந்தான். யார் மேலயும் குத்தம் கிடையாது, டாக்டரம்மா ராப்பகலா பார்த்தாங்க. அப்ப இருந்த ஐயர் வார்டுக்கே வந்து ஞானஸ்நானம் கொடுத்தார். பேர் என்னன்னு கேட்டப்ப அவதான் சொன்னா. நான் அவனை அடக்கம் பண்ணிட்டு வந்தேன். அவ ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடந்தா, ஆபரேஷன் பண்ணின உடம்பு, கூட்டிட்டுப் போகலை.

அவ வீட்டுக்கு வந்தப்ப நான் அவகிட்ட சொன்னேன், இனி இந்தப் பேச்சு வீட்ல வேண்டாம்னு. அவ நல்லதுக்குத்தான் சொன்னேன். பேசினா அழுவா, அழுதா உடம்பு கெடும். மறுநாள் மில்லைத் திறந்துட்டேன். பத்து மணி இருக்கும், அவ மில் வாசல்ல வந்து நிக்கா. பச்சை உடம்புக்காரி, தலையில துண்டைக் கட்டிக்கிட்டு நடந்து வந்திருக்கா. என்னமோ சொல்லுதா, வாய் அசையுது. மெஷின் ஓடுது. நான் மெஷினைக் காட்டி, கேக்கலைன்னு காதைக் காட்டினேன். இன்னொரு தடவை சொன்னா. நான் மறுபடியும் காதைக் காட்டினேன். கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிட்டா.

மெஷினை நிறுத்துற சுவிட்ச் என் கைக்கு எட்டுற தூரத்துலதான் இருந்துச்சு. இந்த நாற்காலியில உட்கார்ந்தபடியே எட்டும்.

அதுக்கப்புறம் அவ அவனைப் பத்திப் பேசினதே கிடையாது. மறந்துட்டான்னு நினைச்சேன். முப்பத்தொரு வருஷமா அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஊரெல்லாம் பேர் சொல்லி ஜெபிச்சேனே, அந்த ஒரு பேரை ஒரு தடவை சொன்னதில்லை.

இப்ப அவ கேட்டுட்டு காத்துக்கிட்டு இருக்கா. நான் ஆண்டவர் நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். பிள்ளை சுகமா இருக்கானான்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்ல? வாயைத் திறந்தா என் குரல்தான் வரும். அவளுக்கு வேண்டியது என் குரலா? நான் தயார் பண்ணி வச்சிருந்த வரி எங்க போச்சுன்னே தெரியலை. என் வாழ்க்கையில அவ எதிர்ல நான் வாயை மூடி உட்கார்ந்தது அன்னைக்குத்தான். அவ தலையை ஒரு பக்கமா சாய்ச்சு வச்சிருந்தா. தொட்டில்ல தூங்குற பிள்ளைக்கு மூச்சு வருதான்னு பாப்பாங்கள்ல, அப்படி. முருங்கை இலையில இருந்து பனித்தண்ணி சொட்டுற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அந்த வீட்ல இத்தனை வருஷம் இருந்திருக்கேன், அந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லை.

ரொம்ப நேரம் கழிச்சு அவ சரின்னு தலையை ஆட்டினா. அந்த முகம் வந்துச்சு. எந்திரிச்சு, என் பக்கமா திரும்பி, "பனி விழுது, தலையை நல்லா மூடிக்கிடுங்க"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. அதை யார்கிட்ட சொன்னா? எனக்கு அப்பவும் தெரியலை.

ஓடிரணும்னு எந்திரிக்கப் போனேன் பாருங்க, படக்குன்னு பிரம்பு அறுந்துட்டு. நான் நாற்காலிச் சட்டத்துக்குள்ள இறங்கிட்டேன். முழங்கால் நெஞ்சுக்கு வந்துட்டு, முன்னாலயும் போக முடியலை, பின்னாலயும் வர முடியலை. ஆண்டவர் நாற்காலியில உட்கார்ந்தவனுக்கு இது வேணும். அந்தக் கோலத்துல கிடக்கேன், பியூலா காபியோட வாறா. அஞ்சே முக்கால்தான் ஆகியிருக்கும். டம்ளரைத் துவைக்கிற கல்லு மேல வச்சுட்டு, ரெண்டு கையையும் கொடுங்கன்னா. இழுத்துத் தூக்கி விட்டா. நான் அழுதேன். அவ அழலை. அவ அழுது முடிச்சு எத்தனையோ வருஷம் ஆயிருக்கும், நான் இல்லாத நேரத்துல.

மறுநாள் காலம்பற பின்வாசல்ல மூணு நாற்காலி கிடந்துச்சு. மூணும் பிளாஸ்டிக்.

போய் உட்கார்ந்தேன். முதல் நாள் ரெண்டு நிமிஷத்துல பேச வாயெடுத்தேன், அவ விரலைக் காட்டினா. போகப் போகப் பழகிட்டு. பதினாலாம் தேதி அவ வழக்கம்போல கேட்டா. தலையை ஆட்டினா. என்ன சொன்னார்னு கேட்டேன். சுகமா இருக்கானாம்னா. யார் சாடையாம்னு கேட்டேன். சொல்லமாட்டேன்னுட்டா.

"அதை நீங்களே அவர்கிட்ட கேளுங்க."

கேட்டேன். கேட்டுட்டு, ஆயுசுல முதல் தடவையா, பதிலுக்காகச் சும்மா இருந்தேன். அன்னைக்கு எந்தப் பதிலும் காதுல விழலை. மறுநாளும் கேட்டேன், ஒண்ணும் கேக்கலை. இன்னைக்கு வரைக்கும் ஒண்ணும் கேக்கலை, ஆனா தினம் உட்காருதேன். பொறாமை போயிட்டுன்னு நினைக்காதீங்க. முன்ன அவளுக்காகப் பொறாமைப்பட்டேன், இப்ப அவனுக்காகப் படுதேன். முப்பத்தொரு வருஷம் என் மகனை வச்சு வளர்த்தவர் அவர். அவன் குரல் எப்படி இருக்கும்னு அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. தகப்பன் நான் இங்க மாவு அரைச்சுக்கிட்டு இருந்தேன். அதை நினைச்சா இப்பவும் வயிறு எரியுது.

இருந்தாலும் அவரை அந்தப் பழைய பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார வைக்க எனக்கு மனசு வரலை. அதான் இதைப் பின்னக் கொடுத்தேன். பின்னுறவன் யாருக்குன்னு கேட்டான். எனக்குத்தான்னு சொல்லிட்டேன். பொய்தான். இனிமே இதுல நான் உட்கார மாட்டேன். மடியில பிள்ளையை வச்சுக்கிட்டு உட்காருற மாதிரி கொஞ்சம் அகலமா இருக்கட்டும்னு நாற்காலிக் கை ரெண்டையும் தள்ளி வைக்கச் சொன்னேன். என் மகனுக்கு இப்ப மடியில உட்காருற வயசு இல்லைதான், எனக்கும் தெரியும்.

ஸ்ரீவைகுண்டம் தாண்டியாச்சு போலிருக்கே. இந்தப் பாலம் தாண்டி அடுத்த ஸ்டாப் எனக்கு. நீங்க ஏறினதுல இருந்து என்னமோ சொல்ல வாறீங்க, நான் விடலை. இப்ப சொல்லுங்க அண்ணாச்சி, கேக்கேன். நிஜமாவே கேக்கேன். அதுக்கு முன்னால ஒண்ணு. பிள்ளைக எத்தனைன்னு கேட்டீங்க, நான் தப்பாச் சொல்லிட்டேன்.

ரெண்டு. மூத்தவன் பேர் ஆசீர்.